பால் குடிச்ச சாராய முதலாளி

ஏலே பேராண்டி, வா. செருப்பைக் கழத்திப் போட்டுட்டு இந்தத் திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் இப்படிக் கருகிப் போய்க் கெடக்கு? நேத்து ராத்திரி பம்ப்செட்டு ரூம்ல சீட்டாட்டமாமே, நாலாயிரம் போச்சாமே? யாரு சொன்னான்னு கேக்காத. இந்த ஊர்ல ராத்திரி நாய் குரைச்சா, அது எந்தத் தெரு நாய், யாரைப் பாத்துக் குரைச்சுதுன்னு விடியுமுன்னே டீக்கடைக்கு வந்துரும். நாலாயிரம் வராதா?

பயப்படாத, நான் வையப் போறதில்ல. ஒங்க அப்பன் வைவான், ஒங்க ஆத்தா அழுவா. அவுக வேலையில நான் எதுக்குக் கைய வைக்கேன்? வள்ளுவரு சூதுக்குன்னு ஒரு அதிகாரமே ஒதுக்கிப் பத்துக் குறள் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. அவரு சொல்லிக் கேக்காத ஊரு நான் சொல்லியா கேக்கப் போவுது? எனக்கு வருத்தம் வேற. எம் பேரன் சூதாடுதான், சரி. குரு இல்லாமல்லா ஆடுதான்! கொத்தனாருக்கு ஒரு மேஸ்திரி வேணும், நாயனக்காரனுக்கு ஒரு வாத்தியாரு வேணும், சூதாடிக்கு மட்டும் வேண்டாமா?

ஒனக்குன்னே ஒருத்தனைப் பிடிச்சு வச்சிருக்கேன். மூணு நாளா லைப்ரரி புஸ்தகத்துக்குள்ள அவன்கூடத்தான் எனக்குக் குடித்தனம். பேரு அர்னால்டு ரோத்ஸ்டைன். ஊரு அமெரிக்காவுல நியூயார்க்கு. அங்ஙன உள்ளவன் அவனை 'மூளை'ன்னே கூப்பிட்டிருக்கான். ஒன்னைய நம்மூர்ல என்ன சொல்லிக் கூப்பிடுதாவன்னு நான் சொல்ல மாட்டேன்.

1882 சனவரி 17ல பொறந்தான். இந்தத் தேதிய மடியில முடிஞ்சு வச்சுக்க, பொறவு அதுக்கு வேலை இருக்கு. அப்பன் ஆபிரகாம் ரோத்ஸ்டைன் துணி யாவாரி. யூதக் குடும்பம், ஆசாரமான வீடு. மனுசன் நேர்மைக்குப் பேரெடுத்து, 'நியாயஸ்தன்'னு பட்டப்பேரே வாங்கினவரு. மூத்த மகன் வேதம் படிக்கப் போனான். இளையவன் நம்மாளு. கணக்குல புலி. புலிக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்னு பதினாறு வயசுல நின்னுட்டான்.

யூதருக்கு வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுல இருந்து சனிக்கிழமை பொழுது சாயுத வரைக்கும் ஓய்வுநாள். ஆசாரக்காரன் அன்னைக்குத் துட்டைக் கையால தொட மாட்டான். அப்பங்காரரு வாட்சையும் காசையும் கழத்தி மேசை டிராயருக்குள்ள வச்சிட்டுச் சாமி கும்பிடப் போயிருவாரு. அந்தச் சமயம் பாத்து மகன் வாட்சை எடுத்துட்டுப் போயி அடகு வச்சு, அந்தக் காசுல சூதாடி, ஜெயிச்சு, மீட்டு, பொழுது அடையுதுக்குள்ள இருந்த எடத்துலயே கொண்டாந்து வச்சிருவானாம். இப்படி ஒரு கதை அவனைப் பத்திச் சொல்லுதாவ. பாத்தியா, தொழில் சுத்தம்! எடுத்ததும் தெரியாது, வச்சதும் தெரியாது.

என்னலே, திடீர்னு அங்ஙன சொவத்து ஆணியப் பாக்க? கதையைக் கேளு.

வாட்சோட அடகுக்கடை சகவாசம் விட்டுதா? 1909 ஆகஸ்டுல சரடோகாங்கிற ஊர்ல வச்சுக் கரோலின் கிரீன்னு ஒரு நாடக நடிகையைக் கல்யாணம் கட்டினான். சரடோகா குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன ஊரு. நம்மாளு தாலி கட்டப் போனானா, பந்தயம் கட்டப் போனானா, அது அவனுக்கே வெளிச்சம். கல்யாணத்தன்னைக்கே, "ஒன் நகையைக் கொஞ்சம் குடு, முதலுக்கு வேணும்"னு வாங்கிக்கிட்டான்னு ஒரு பேச்சு உண்டு. பொண்ணு வேற மதத்து வழியில வந்தவ. அப்பங்காரரு பெத்த பிள்ளை செத்துப் போனதாவே எண்ணி, செத்தவங்களுக்குச் சொல்லுத மந்திரத்தைச் சொன்னாருன்னும் எழுதி வச்சிருக்காவ.

அதே வருசம் நவம்பர்ல ஒரு ஆட்டம் நடந்துது. மேசை மேல உருண்டைய உருட்டி, குச்சியால தட்டி, குழிக்குள்ள தள்ளுவாங்கல்லா, அந்த ஆட்டம். பிலடெல்பியாவுல இருந்து கான்வேன்னு ஒரு கில்லாடியக் கூட்டியாந்து இவன்கூட மோத விட்டாவ. ஒரு ராத்திரி ஆரம்பிச்சது, முப்பது மணி நேரத்தைத் தாண்டியும் நிக்கல. தோத்தவன் ஒவ்வொரு மட்டமும் "இன்னொரு கை"ன்னு கேக்கான், இவன் "சரி"ங்கான். கடைசியில நின்னது நம்மாளுதான். ஊரே மூக்குல விரல வச்சுது. என்ன ரகசியம் தெரியுமா? அவன் குடிக்க மாட்டான், பீடி சிகரெட்டுத் தொட மாட்டான். மத்தவன் கண்ணு மங்குத நேரத்துல இவன் கண்ணு பளிச்சுன்னு இருக்கும். நீ ரெண்டு கை தோத்ததும் குவார்ட்டரைத் தேடுத ஆளு. குருவுக்கும் ஒனக்கும் தூரம் சாஸ்தி, பரவாயில்ல, நடந்தா வந்துரும்.

ஆனா இதெல்லாம் சின்னப்பிள்ள வெளையாட்டுன்னு அவனுக்குச் சீக்கிரமே புரிஞ்சு போச்சு. ஆடுதவன் ஒருநாள் ஜெயிப்பான், ஒருநாள் தோப்பான். ஆட்டம் நடத்துதவன் தோத்ததை யாரு பாத்தா? சூதாட்ட வீடு ஒண்ணு சொந்தமாத் தொறந்தான். ஊரை ஆண்ட கட்சியில 'பெரிய டிம்'னு ஒரு புள்ளி, சல்லிவன்னு பேரு, அவரு நெழல்ல ஒதுங்கிக்கிட்டான். கந்துவட்டிக்கு விட்டான். பைக்குள்ள கத்தை கத்தையா நோட்டு வச்சுக்கிட்டே அலைவான். லட்சம் டாலர் வரைக்கும் சட்டைப்பையில கெடக்குமாம். தோத்தவனுக்கு அந்தாக்கில கடன் குடுப்பான். அவன் அதையும் இவன் வீட்டுலயே தோத்துட்டுப் போவான். காசு இவனை விட்டு எங்கயும் போறதில்ல, சும்மா நாலு கை சுத்திட்டு, வட்டியையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வரும்.

பாரதம் கேட்டிருக்கேல்லா? தருமரும் சகுனியும் எதிரெதிரே உக்காந்து காய் உருட்டினாவன்னு சொல்லுவாவ. நான் ஒத்துக்க மாட்டேன். தருமரு மட்டுந்தான் சூதாடுனாரு. சகுனி எங்கல ஆடினான்? என்ன விழும்னு தெரிஞ்சு வீசுனவனுக்குப் பேரு சூதாடியா? நம்ம ரோத்ஸ்டைனு சகுனி சாதி.

1921 ஆகஸ்டுல அதே சரடோகாவுல டிராவர்ஸ்னு ஒரு பெரிய பந்தயம். இவனுக்கும் அதுல 'ஸ்போர்ட்டிங் பிளட்'னு ஒரு குதிரை உண்டு. ஆனா ஊரே 'புரூடரி'ங்கிற பொட்டைக் குதிரைமேலதான் கட்டுது. அந்தக் குதிரை சரியாத் தீவனம் எடுக்கலைங்கிற சேதி லாயத்துக்குள்ள இருந்து இவன் காதுக்கு வந்துருது. இந்த நேரத்துல 'கிரே லேக்'னு இன்னொரு சூரக் குதிரையையும் பந்தயத்துல சேக்காவ. ரெண்டு பெரிய குதிரைக்கு நடுவுல இவன் குதிரையை யாரு சீந்துவா? ஒண்ணுக்கு மூணுன்னு வெலை ஏறிப் போச்சு. இவன் ஆள் மேல ஆள் விட்டு, ஊருக்கு ஒண்ணாப் பிரிச்சு, சத்தங்காட்டாம 1,50,000 டாலரைத் தன் குதிரைமேல கட்டிட்டான். பந்தயம் தொடங்கப் போற நேரத்துல கிரே லேக்கை வாபஸ் வாங்கிட்டாவ. ஏன் சேத்தாவ, ஏன் எடுத்தாவ? சாமிக்குத்தான் தெரியும், சாமிக்கு அடுத்தாப்புல ரோத்ஸ்டைனுக்குத் தெரியும். ஸ்போர்ட்டிங் பிளட் ஜெயிச்சுது. 4,50,000 டாலரு.

இதுக்கு முந்தியே ஒரு பெரிய கூத்து நடந்துது. 1919ல பேஸ்பால் உலகத் தொடரு. சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கும் சின்சினாட்டி ரெட்ஸுக்கும் போட்டி. சிகாகோதான் ஜெயிக்கும்னு ஊரே துட்டைக் கட்டுது. துட்டுக்காகத் தோத்துக் குடுக்குத பேரத்துல அந்த அணியில எட்டுப் பேரு பேரு கெட்டுது. அதுல ஒருத்தரு, எடி சிகோட்டின்னு பந்து எறியுதவரு. அவரு தலைமாட்டுல 10,000 டாலரு இருந்துதாம். மறுநாள் மொத ஆட்டத்துல, எதிரணியில மொதல்ல ஆட வந்தவன் மேலயே பந்தை எறிஞ்சாரு. பாத்தவன் கை தவறிட்டுன்னு நெனைச்சான். 'பேரம் படிஞ்சுட்டு'ங்கிறதுக்கு அதுதான் சைகைன்னு பொறவு தெரிஞ்சுது. தொடரைச் சின்சினாட்டி 5-3ன்னு ஜெயிச்சுது.

துட்டுக்குப் பின்னால இருந்தது ரோத்ஸ்டைன்னு ஊரே பேசுது. இவன் ஒளிஞ்சானா? 1920ல சிகாகோவுக்கு ரயிலேறிப் போயி விசாரணைக்கு நின்னான். "எங்கிட்ட வந்து கேட்டது வாஸ்தவம், நான் மாட்டேன்னுட்டேன், எம் பேரைச் சொல்லி வேற எவனோ வெளையாடிட்டான்"னு நல்லபிள்ளையாட்டம் சொல்லிட்டு அடுத்த ரயில்ல வந்துட்டான். அவன்மேல வழக்கே போடல. ஆட்டக்காரங்க ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்த காகிதம் கோர்ட்டுக்கு வாறதுக்குள்ள காணாமப் போச்சு. 1921ல கோர்ட்டு எல்லாரையும் விட்டுட்டு. ஆனா பேஸ்பாலுக்குன்னு புதுசா வந்த தலைவரு லாண்டிஸு, எட்டுப் பேரையும் சாகுத மட்டும் மட்டையைத் தொடக்கூடாதுன்னு வெரட்டிட்டாரு. பாத்தியாலே? பந்து எறிஞ்சவனுக்குப் பொழைப்பு போச்சு. பால்கனியில உக்காந்திருந்தவன் சட்டையில ஒரு கசங்கல் இல்ல.

இப்ப மடியை அவுத்து அந்தத் தேதிய எடு. சனவரி 17. 1920ல அதே சனவரி 17ந்தேதிதான் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு அமலுக்கு வந்துது. அவனுக்கு 38 வயசு முடியுத நாளு. அரசாங்கமே பொறந்தநாள் மொய் எழுதுன ஆளு அவன்தாம்லே! அந்தச் சட்டத்துலயும் ஒரு சூட்சுமம் உண்டு. காய்ச்சுதது குத்தம், விக்கது குத்தம், வண்டியில ஏத்திக் கொண்டுபோறது குத்தம். குடிக்கது குத்தமில்ல. வாயத் தொறந்து விட்டுட்டுக் கடையைப் பூட்டுனா என்ன ஆகும்? வெலை ஏறும்.

மேக்ஸி கிரீன்பர்க்னு ஒருத்தன் இவன்கிட்ட வாறான். "கனடாவுல இருந்து சரக்குக் கடத்தணும், 1,75,000 டாலரு கடன் வேணும்"ங்கான். நம்மாளு யோசிச்சுட்டு, "கனடா எதுக்கு? சீமையில இருந்தே கப்பல்ல நல்ல ஸ்காட்ச் கொண்டாருவோம். சரக்கு நல்லா இருந்தா கேக்குத வெலை கெடைக்கும்"னு திருப்பிட்டான். கடன் கேட்டு வந்தவன் தொழில் கத்துக்கிட்டுப் போனான். இப்படித்தான் லக்கி லூசியானோ, மேயர் லான்ஸ்கின்னு சின்னப் பயலுவ இவன் கையில படிச்சாவ. கத்தியக் காட்டிக்கிட்டுத் திரிஞ்ச பயலுவளுக்கு, கோட்டு எப்படிப் போடணும், நாலு பெரிய மனுசன் முன்னால எப்படி நிக்கணும்னு சொல்லிக் குடுத்ததே இவன்தான்னு சொல்லுவாவ. சாராயம் கடத்தி மாட்டுனா ஜாமீன் எடுக்கவும் இவன்கிட்ட ஒரு கம்பெனி, இன்சூரன்சுக்கு ஒரு கம்பெனி. அபினு மாதிரி சரக்குக்கும் மொதல் போட்டான். எந்த வாசல் வழியா ஓடினாலும் சுங்கம் வாங்க இவன் நிப்பான்.

இவ்வளவு சாராயத்துக்கு முதல் போட்டவன் என்ன குடிச்சான் தெரியுமா? பாலு. பாலைக் குடிச்சுக்கிட்டு, அத்திப்பழத்தைத் தின்னுக்கிட்டு இருப்பானாம். அல்வாக் கடைக்காரன் அல்வா திங்க மாட்டான்லா, அந்தக் கத.

ஆபீஸு? அதுக்கு ஒரு வாடகையா? பிராட்வே தெருவுல லிண்டீஸ்னு ஒரு சாப்பாட்டுக் கடை. சாயங்காலம் ஆனா அங்ஙன வந்துருவான். போனும் அங்ஙனதான் வரும், ஆளும் அங்ஙனதான் வரும். கடை வாசல்ல, பக்கத்துல நாலு தடியன் நிக்க, நம்ம ஊரு வாரவட்டிக்காரன் சந்தை முக்குல நிப்பாம்லா, அது மாதிரி நின்னு கடன் வசூல் பண்ணுவான். "இன்னைக்கு இல்ல, நாளைக்குத் தாறேன்"ங்கிற பேச்சே அவனுக்குப் புடிக்காது. இதையும் மடியில முடிஞ்சு வச்சுக்க.

போலீசு இல்லையான்னு கேக்க. 1919 சனவரியில ஒரு வீட்டுல தாயம் உருட்டிக்கிட்டு இருக்கும்போது கதவைத் தட்டுதாவ. கொள்ளைக்காரன்னு நெனைச்சுக் கதவு வழியாவே சுட்டுட்டான். வெளிய நின்னது போலீசு! லேசாக் காயம். நம்மூர்ல ஏட்டையா சைக்கிள்ல காத்தப் புடுங்கி விட்டதுக்கு ஒங்க மாமன் மூணு நாள் ஸ்டேசன்ல கெடந்தான். அங்ஙன போலீசைச் சுட்டவன் மேல உள்ள வழக்கு சாட்சியில்லன்னு கரைஞ்சு போச்சு. வைட்டேல்னு ஒரு மாஜிஸ்திரேட்டு இவன்கிட்ட 20,000 டாலர் கிட்டத்துல கடன் வாங்கியிருந்தது பொறவு வெளிய வந்து, 1930ல அவரு நாற்காலி போச்சு. நீதிபதிக்கே வட்டிக்கு விட்டவன்னா பாத்துக்க.

ஆக, பாடத்தைச் சுருக்கிச் சொல்லுதேன். குடிக்காத. பொகைக்காத. கணக்கைப் படி. முடிவு தெரிஞ்ச பொறவு பந்தயம் கட்டு. சீட்டைத் தொடாத, சீட்டுக்கட்டு யாவாரம் பண்ணு. இவ்வளவையும் பண்ணினா ஒனக்கும் அவனை மாதிரியே வாழ்வு வரும். சாவும் வரும். என்ன முழிக்க? சாவைச் சொல்லாம விட்டா குருவுக்கு அவமரியாதை.

1928 செப்டம்பர். மக்மேனஸ்னு ஒருத்தன் ஏற்பாடு பண்ணின போக்கர் ஆட்டம். இவன் வீடு இல்ல, இவன் சீட்டுக்கட்டு இல்ல, இவன் நடத்தல. இருந்தும் போயி உக்காந்தான். ஏன் உக்காந்தான்? அதாம்லே புண்ணு. அம்புட்டு மூளையும் ஒரு எடத்துல அரிப்புத் தாங்காமப் போச்சு. நாள் கணக்குல விடாம ஆடி 3,00,000 டாலருக்கு மேல தோத்தான். 46 வயசு வரைக்கும் சகுனியா இருந்தவன், அந்த ஒரு ஆட்டத்துல தருமராயிட்டான்.

தருமராவது தோத்ததை ஒத்துக்கிட்டு வனவாசம் போனாரு. இவன், "ஆட்டத்துல கள்ளம், துட்டுத் தர முடியாது"ன்னுட்டான். வாய் கூசுதா பாரு! உலகத் தொடரையே வெலை பேசினான்னு ஊர் சொல்லுத ஆளு, சீட்டுல கள்ளத்தனம்னு நியாயம் பேசுதான். "நாளைக்கு"ன்னு சொல்லக் கேட்டாலே புடிக்காதவன், தன் முறை வரும்போது வாரத்தைக் கடத்துதான், மாசத்தைக் கடத்துதான்.

நவம்பர் 4, ஞாயித்துக்கிழமை ராத்திரி. லிண்டீஸ் கடையில போன் வருது. பேசிட்டு, தன் துப்பாக்கியைக் கூட இருந்தவன் கையில குடுத்துட்டு, பார்க் சென்ட்ரல் ஓட்டலுக்குத் தனியா நடந்து போறான். கொஞ்ச நேரங் கழிச்சு, அந்த ஓட்டல்ல வேலையாளுங்க போற வாசல் பக்கம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுத் தள்ளாடி வாறான். வயித்துல குண்டு. தெருவுல கெடந்த துப்பாக்கியை ஒரு டாக்சிக்காரரு எடுத்துக் குடுத்தாரு. 349ஆம் நம்பர் ரூம்ல மக்மேனஸோட கோட்டு தொங்குது. "சுட்டது யாரு"ன்னு போலீசு கேட்டா, பேரைச் சொல்ல மாட்டேனுட்டான். மக்மேனஸ் மேல வழக்குப் போட்டாவ. 1929 டிசம்பர்ல அதுவும் சாட்சியில்லன்னு போச்சு. சாட்சி கரையுத வித்தையை ஊருக்கே கத்துக் குடுத்தவன் இவன்லா. கடைசியில அந்த வித்தை இவன் சாவுக்கே வந்து உக்காந்துக்கிட்டு.

நவம்பர் 6ந்தேதி செத்தான். அன்னைக்கு அங்ஙன சனாதிபதி தேர்தல். ஹூவர் ஜெயிப்பாருன்னு பெருந்துட்டாக் கட்டியிருந்தான். ஹூவரு ஜெயிச்சாரு. இருந்திருந்தா 5,00,000 டாலருக்கு மேல வந்திருக்கும், அந்தக் கடனை அடைச்சிட்டு மிச்சமும் இருந்திருக்கும். கட்டினவன் செத்துட்டா பந்தயம் செல்லாதாம். எல்லாக் கணக்கையும் போட்டவன் இந்த ஒரு கணக்கை விட்டுட்டான்.

சாகுத நேரத்துல உயிலை நீட்டினாவ. கை நடுங்கி, கையெழுத்து வராம, ஒரு பெருக்கல் குறி போட்டான். கணக்குல புலி, கடைசியில கைநாட்டு. பத்து வருசங் கழிச்சு, சொத்துல ஒண்ணும் மிஞ்சலைன்னு கூடப்பொறந்தவனே அறிவிச்சான். படிச்சுட்டுப் போன பயலுவதான் அவன் தொழிலைப் பங்கு போட்டு ஆண்டாவ.

சரி, இப்ப நேத்து ராத்திரிக்கு வா. பம்ப்செட்டு ரூம்ல பாயை விரிச்சது யாரு? பல்பைப் போட்டது, டீ வாங்கிக் குடுத்தது, ரெண்டு மணிக்கு ஒனக்கு வட்டிக்கு ஆயிரம் நீட்டினது யாரு? அவன் சீட்டைத் தொட்டானா? இல்லல்லா? கைக்கு இவ்வளவுன்னு எடுத்து மடியில போட்டுக்கிட்டுச் சும்மாத்தான் உக்காந்திருந்தான். பொறவு யாருலே சகுனி, யாரு தருமரு? நான் நம்ம ரூமுக்குள்ள ரோத்ஸ்டைனைத் தேடுதேன், நீ பாய்ல உக்காந்து இன்னொரு கைன்னு கேக்க.

எந்திரிக்காத, இன்னும் ஒண்ணு இருக்கு. அந்தச் சொவத்து ஆணியில நேத்து மத்தியானம் வரைக்கும் ஒரு வாட்சு தொங்குச்சு. ஒங்க ஆச்சி வாழைக்குலை வித்த துட்டுல வாங்கித் தந்தது. நான் டிராயர்ல வைக்க மாட்டேன், சாமி கும்பிடவும் போக மாட்டேன், பகல்ல கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பேன். கண்ணை மூடினவன் எல்லாம் தூங்குதான்னு நீ எண்ணினா நான் என்ன செய்ய?

ஏ மூதி, அழுவாத. இந்தா துட்டு. அடகுச் சீட்டை எடுத்துக்கிட்டு ஓடு. சும்மா இல்ல, கடன்தான். நானும் இன்னைக்கு நாளைக்குங்கிற பேச்சுக் கேக்க மாட்டேன். பத்து நாள் ராத்திரி நம்ம வாழைக்குத் தண்ணி பாய்ச்சணும், அது வட்டி. அசலைப் பொறவு பாப்போம்.

இன்னும் எவ்வளவு நேரம் இருக்குன்னா கேக்க? வாட்சு இருந்தாப் பாத்துச் சொல்லுவேன். அன்னா பாரு, பொழுது மேக்க ரெண்டு பனை ஒசரத்துல நிக்கு. ஒங்க குருவா இருந்தா இந்நேரம் மீட்டு ஆணியில மாட்டியிருப்பான். ஓடு!